வாசிக்காமல் கையொப்பமிட்ட சிறுவன், ஜப்பானின் முதல் ஆக்கவுரிமை அதிகாரி



பதிவு கொஞ்சம் நீளம். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 10 வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான்: "சேர், ஒரு ஆள் புதுசா ஒரு மெசின் செஞ்சா, அடுத்த ஆள் அதைப் பார்த்துச் செய்யக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?" அவனுடைய வாப்பா தறிக்காரர். எதையோ மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்டான் என்று விளங்கியது. சட்டம் இருக்கிறது, அதற்கு ஆக்கவுரிமை என்று பெயர், பேட்டன்ட் என்றும் சொல்வார்கள், நமது நாட்டில் புலமைச் சொத்து அலுவலகம் அதைப் பதிவுசெய்கிறது என்று சொன்னோம். அதற்குள் மணி அடித்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்விக்கு நாம் சொல்ல நினைத்த விடை சட்டப் பிரிவு இலக்கம் அல்ல. ஒரு மனிதருடைய கதை. அவர் பெயர் தகஹாஷி கொரேகியோ. ஜப்பானில் ஆக்கவுரிமைக் கந்தோரைத் தொடக்கி அதன் முதல் தலைவராக இருந்தவர். பிறகு மத்திய வங்கி ஆளுநர், பல தடவை நிதியமைச்சர், பிரதமர். வரலாற்றுப் புத்தகங்கள் அவரை நிதியமைச்சராகத்தான் பேசும். நாம் கந்தோர்க்காரராகப் பார்ப்போம்.

1854இல் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், பிறந்தார். தகப்பன் ஷோகுன் அரசுக்குப் படம் வரையும் ஓவியர். தாய் அந்த வீட்டின் பணிப்பெண், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை. குழந்தை அந்த வீட்டில் தங்கவில்லை. சென்டாய் சிற்றரசைச் சேர்ந்த, தகஹாஷி என்ற கடைநிலைப் போர்வீரர் குடும்பம் தத்தெடுத்தது. அந்த வீட்டுப் பாட்டிதான் வளர்த்தார். பிறப்பைச் சொல்லிக் காட்டி ஒருவனை ஒதுக்குவதற்கு அக்காலச் சமூகத்தில் இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

பாட்டி கெட்டிக்காரி. யோக்கோஹாமா துறைமுகத்தில் வெள்ளைக்காரர் வந்து குடியேறிய காலம் அது. அங்கே ஹெப்பர்ன் என்ற அமெரிக்க மருத்துவரின் வீட்டில் பையனுக்கு ஆங்கிலம் படிக்கக் கிடைத்தது. பிறகு ஆங்கில வங்கி ஒன்றில் எடுபிடி வேலை. தேநீர் கொடுப்பது, கூட்டுவது, ஓடுவது. அங்கே ஷாண்ட் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் உத்தியோகத்தராக இருந்தார். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்திருங்கள், நாற்பது வருடம் கழித்து மறுபடியும் வருவார்.

1867இல், பதின்மூன்று வயதில், படிப்பதற்கென்று அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். வான் ரீட் என்ற அமெரிக்க வியாபாரி பொறுப்பெடுத்தார். சான் பிரான்சிஸ்கோவில் வியாபாரியின் பெற்றோர் வீட்டில் இறக்கப்பட்ட பையனுக்குப் படிப்பு கிடைக்கவில்லை, வீட்டு வேலைதான் கிடைத்தது. கொஞ்ச நாளில், ஓக்லண்டில் ஒரு வீடு இருக்கிறது, அங்கே போனால் படிக்கலாம் என்று சொல்லி ஒரு கடதாசியை நீட்டினார்கள். பையன் கையொப்பமிட்டான். ஆங்கிலம் பேசத் தெரியும், ஆனால் ஒரு சட்டப் பத்திரத்தை வாசித்து விளங்கும் அளவுக்கு இல்லை. பிறகுதான் தெரியவந்தது, அது மூன்று வருடங்களுக்குத் தன்னையே விற்ற ஒப்பந்தம் என்று. கடைசியில் ஜப்பானின் சார்பில் அங்கிருந்த கௌரவ தூதுவரிடம் போய், காசு கட்டி ரத்துச் செய்வித்து, 1868 கடைசியில் ஊர் திரும்பினார்கள்.

ஏஜென்சிக்காரர் நீட்டுகிற கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஒப்பம் வைத்து விமானம் ஏறியவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பந்தியை நாம் விளக்கத் தேவையில்லை.

திரும்பி வந்தபோது ஷோகுன் ஆட்சி போய் மெய்ஜி ஆட்சி வந்திருந்தது. ஆங்கிலம் தெரிந்தவனுக்குப் பஞ்சம். மோரி அரினோரி என்ற பெரிய மனிதரின் வீட்டில் தங்கி, பதினாறு வயதிலேயே தலைநகரில் ஆசிரியரானார். வயது சிறியது, கையில் காசு அதிகம். குடி, கூத்து, நாட்டியக்காரி வீடு என்று போய் வேலையை இழந்தார். அந்தப் பெண்ணின் இசைக்கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்த நாட்களும் உண்டு. இதை அவரே தமது வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கிறார். ஆசிரியராகிய நாம் இதை ஒளித்துவிட்டு எழுதலாம்தான், ஆனால் ஒளித்தால் பிள்ளைகளுக்குச் சொல்வது வேறு மனிதரின் கதையாகிவிடும்.

பிறகு தெற்கே கரட்சு என்ற ஊரில் ஆங்கில ஆசிரியர் வேலை. அங்கே படித்த பையன்களில் ஒருவர் தட்சுனோ கிங்கோ. பின்னாளில் டோக்கியோ புகையிரத நிலையத்தைக் கட்டிய கட்டடக் கலைஞர். இவரும் மறுபடியும் வருவார்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

1871இல், புதிய அரசு வந்த வேகத்தில், ஜப்பான் ஒரு ஆக்கவுரிமை விதியை அவசரமாக வெளியிட்டது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்குச் சில வருடங்கள் தனியுரிமை. கேட்க நன்றாக இருந்தது. மறு வருடமே நிறுத்திவிட்டார்கள். காரணம் எளிமையானது. ஒரு விண்ணப்பத்தை வாசித்து, இது உண்மையிலேயே புதியதா, வேலை செய்யுமா என்று சொல்லத் தெரிந்த ஆள் அரசாங்கத்தில் இருக்கவில்லை. வெளிநாட்டவரைச் சம்பளத்துக்குப் பிடித்தால் செலவு தாங்காது. ஆக, சட்டம் இருந்தது, வாசிப்பவர் இல்லை.

அந்த இடைவெளியில் அடிபட்டவர் கவுன் தொகிமுனே. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த நமது ஊர்க்காரர்கள் இவரை அறிய வேண்டும். நாகானோ மலைப் பக்கத்துக்காரர், பௌத்த துறவியாக இருந்து துறவு விட்டவர். பஞ்சைத் தகரக் குழல்களில் அடைத்து, அவை சுழலச் சுழல நூல் மேலே இழுபடும் ஒரு நூற்பு இயந்திரத்தைச் செய்தார். கர கர என்று சத்தம் போடும், அதனால் ஜப்பானியர் அதைக் 'கராபோ' என்றார்கள். 1877இல் டோக்கியோ உவெனோவில் நடந்த முதலாவது தேசியக் கைத்தொழில் கண்காட்சியில் உயர்ந்த பரிசு அதற்குத்தான் கிடைத்தது. பரிசு கிடைத்ததுதான் வினை. எல்லோரும் வந்து பார்த்தார்கள், மரத்தால் செய்வதற்கு இலகு, நாடெங்கும் அச்சொட்டாகச் செய்து ஓட்டினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனால் சோறு தின்றன. செய்தவர் கடனில் கிடந்தார். யாரையும் கேட்க அவரிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

தகஹாஷி இந்த விஷயத்துக்குள் வந்தது கல்வி அமைச்சில் வேலை செய்தபோது. அங்கே ஆலோசகராக இருந்த டேவிட் மரே என்ற அமெரிக்கரின் பேச்சிலிருந்துதான், கண்டுபிடிப்புக்கும் வியாபாரக் குறிக்கும் தனித்தனியே பாதுகாப்புச் சட்டங்கள் உலகில் இருக்கின்றன, ஜப்பானில் இல்லை என்று அறிந்துகொண்டார். அதைப் பிடித்துக்கொண்டார். யாரும் படிக்காத பாடத்தைத் தானாகப் படித்தார். 1881இல் விவசாய, வர்த்தக அமைச்சு புதிதாக உருவானபோது அதில் சேர்ந்தார்.

முதலில் வந்தது வியாபாரக் குறிச் சட்டம், 1884. ஜப்பானியக் கடைகளின் வாசலில் சீலைத் திரை தொங்கும், அதில் கடைக் குறி இருக்கும். பல வருடம் விசுவாசமாக உழைத்த வேலைக்காரனுக்கு முதலாளி அதே குறியைக் கொடுத்துத் தனிக்கடை போட்டுக் கொடுப்பதும் அங்கே மரபு. அப்படிப்பட்ட ஊரில், குறி என்பது பதிவேட்டில் ஒரு இலக்கம் என்று சொல்லி விளங்கவைப்பது லேசான வேலையல்ல. சட்டம் வந்தது, பதிவுக் கந்தோர் வந்தது, அதன் தலைவர் தகஹாஷி. வயது முப்பது.

1885 ஏப்ரல் 18இல் ஆக்கவுரிமைக் கட்டளைச் சட்டம் பிரகடனமானது. ஜப்பானில் அந்தத் திகதி இன்றும் கண்டுபிடிப்பு நாள். 5, 10, 15 வருடங்கள் என்று உரிமைக் காலத்தைத் தெரிவுசெய்யலாம். அந்தக் கந்தோருக்கும் அவரே தலைவர்.

முதலாவது ஆக்கவுரிமை ஓகஸ்ட் 14இல் வழங்கப்பட்டது. பெற்றவர் ஒரு பொறியியலாளரோ பெரிய கம்பனியோ அல்ல. ஹொத்தா சுய்ஷோ என்ற அரக்குச் சாயக் கைவினைஞர். கிண்ணத்துக்கும் பெட்டிக்கும் பூசுகிற பாரம்பரிய அரக்கை வைத்து, கப்பலின் இரும்பு துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சொன்றைச் செய்திருந்தார். பழைய கைத்தொழில், புதிய தேவை. முதல் இலக்கம் இப்படிப்பட்ட ஒருவருக்குப் போனதை நினைக்க நமக்குச் சந்தோஷம்.

2, 3, 4ஆம் இலக்கங்கள் இன்னும் சுவாரசியம். மூன்றும் தேயிலை இயந்திரங்கள். கொழுந்தை ஆவியில் அவிக்க, வாட்ட, உருட்ட. மூன்றையும் பெற்றவர் தகபயாஷி கென்சோ, தொழிலால் மருத்துவர். கையால் உருட்டிய ஜப்பானியத் தேயிலை ஏற்றுமதிக்குப் போதாது என்று கண்டு, வைத்தியத்தை விட்டுவிட்டு இதில் இறங்கினார். தேயிலை நாட்டில் இருந்துகொண்டு இந்தப் பெயரை நாம் கேள்விப்படாதது ஆச்சரியம்தான், ஆனால் அவர்களுடையது பச்சைத் தேயிலை, நம்முடையது கறுப்பு. ஆக்கவுரிமை கிடைத்தும் அவர் பணக்காரராகவில்லை. இயந்திரங்கள் சரியாக ஓடாமல் சொத்தெல்லாம் கரைந்தது. 1890களின் கடைசியில்தான் அவருடைய உருட்டும் இயந்திரம் உண்மையாக வெற்றி பெற்றது. சில வருடங்களில் இறந்துபோனார். ஆக்கவுரிமை வந்தால் கண்டுபிடிப்பாளர் வீட்டில் பால் வழியும் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேறொருவன் எடுத்துக்கொண்டு போக மாட்டான், அவ்வளவுதான் அந்தக் கடதாசியின் உறுதி.

சட்டம் வந்த அதே வருடக் கடைசியில் தகஹாஷி பயணம் புறப்பட்டார். அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி. ஒரு வருடம். வாஷிங்டன் ஆக்கவுரிமைக் கந்தோரில் உட்கார்ந்து, விண்ணப்பம் எங்கே வருகிறது, யார் வாசிக்கிறார், மறுத்தால் விண்ணப்பகாரர் யாரிடம் முறையிடுவது என்று ஒரு பயிலுநரைப் போலப் படித்தார். பதினெட்டு வருடங்களுக்கு முன் அந்த நாட்டின் மறுகரையில் தன்னை விற்ற கடதாசியில் கையொப்பமிட்டவர், இப்போது அதே நாட்டில் கடதாசிகளை எப்படிப் பரிசோதிப்பது என்று படிக்கிறார்.

ஜப்பானுக்கு ஏன் இந்தச் சட்டம் என்று அங்கே அவரிடம் கேட்டார்களாம். பெரிய நாடுகள் எவை என்று பார்த்தோம், அமெரிக்கா ஏன் பெரிது என்று ஆராய்ந்தோம், ஆக்கவுரிமைதான் காரணம் என்று கண்டோம் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னதாக ஒரு அமெரிக்கப் பதிவு உண்டு. இதை இணையத்தில் பலரும் பகிர்கிறார்கள். நமக்கு இது விருந்தாளி வீட்டுக்காரரைப் புகழ்ந்த பேச்சாகத்தான் படுகிறது. சட்டம் மட்டும் போதாது என்பது 1871இன் கதையைத் தெரிந்த அவருக்குத் தெரியாதா?

திரும்பி வந்து அவர் உழைத்ததன் பயன் 1888 டிசம்பரில் வந்த மூன்று சட்டங்கள்: ஆக்கவுரிமை, வடிவமைப்பு, வியாபாரக் குறி. விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும் உத்தியோகத்தர் முறை நிலைபெற்றது, மறுக்கப்பட்டவர் முறையிட வழி வைக்கப்பட்டது. முதலில் கண்டுபிடித்தவருக்கே உரிமை என்பது அமெரிக்காவில் கற்றது.

ஒரு விஷயத்தில் மட்டும் இழுத்துப் பிடித்தார்கள். வெளிநாட்டவருக்கு ஜப்பானில் ஆக்கவுரிமை கொடுக்கவில்லை. காரணம் உண்டு. அந்தக் காலத்தில் யோக்கோஹாமாவில் ஒரு வெள்ளைக்காரன் குற்றம் செய்தால் ஜப்பானிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது, அவனுடைய நாட்டுத் தூதரகமே விசாரிக்கும். எங்கள் சட்டத்துக்கு அடங்காதவனுக்கு எங்கள் சட்டத்தின் பாதுகாப்பு மட்டும் எதற்கு என்பது நியாயமான கேள்வி. அந்தச் சமனற்ற ஒப்பந்தங்கள் நீங்கிய அதே 1899இல்தான், ஆக்கவுரிமை பற்றிய பாரிஸ் சமவாயத்தில் ஜப்பான் சேர்ந்தது.

அந்தக் கந்தோர் என்ன விளைவித்தது? ஒரு தச்சனின் மகன், டொயோடா சகிச்சி, 1885 சட்டத்தைக் கேள்விப்பட்டுக் கண்டுபிடிப்பில் ஆசை கொண்டார். 1891இல் மரக் கைத்தறி ஒன்றுக்கு முதல் ஆக்கவுரிமை. ஒரு கையாலேயே நெய்யலாம். கடைசியில் செய்த தானியங்கித் தறியின் உரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பனி 100,000 பவுணுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. தறி செய்யக் கற்றுக்கொடுத்த நாடே தறியின் உரிமையை விலைக்கு வாங்கியது. மகன் கீச்சிரோ அந்தக் காலத்தில்தான் மோட்டார் வாகன ஆராய்ச்சியில் இறங்கினார். நமது தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஓடுகிற ஹையேஸ் வேன்களுக்குப் பின்னால் ஒரு தறி இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. 1896இல் மிகிமோட்டோ வளர்ப்பு முத்துக்கு ஆக்கவுரிமை பெற்றார். 1930களில் வளர்ப்பு முத்துக்கள் சந்தையை நிறைக்க, உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர, பஹ்ரைன், குவைத் முத்துக்குளிப்பு நொடிந்தது. தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கிக் கடலில் இறங்கியவர்களின் வீட்டில் அடுப்பு அணைந்தது. ஒருவருடைய உரிமைப் பத்திரம் இன்னொருவருடைய சோற்றில் கை வைக்கலாம். அந்தக் கணக்கைப் பார்க்க எந்தக் கந்தோரும் இல்லை.

சரி, தகஹாஷிக்கு என்ன ஆயிற்று? 1889இல், முப்பத்தைந்து வயதில், பதவியை விட்டார். பெருவில் ஒரு வெள்ளிச் சுரங்கம், ஜப்பானியர் கூட்டாக வாங்கலாம், பரிசோதனை அறிக்கை பிரமாதம் என்று சொன்னார்கள். அந்தீஸ் மலை ஏறிப் போய்ப் பார்த்தால் கரஹுவாக்ரா சுரங்கம் ஏற்கனவே தோண்டித் தீர்ந்தது. அறிக்கை பொய். ஊரார் விண்ணப்பங்களையெல்லாம் பரிசோதிக்க வேண்டும் என்று சட்டம் எழுதியவர், தன் கைக்கு வந்த அறிக்கையைப் பரிசோதிக்கவில்லை. வீட்டை விற்றார், குடும்பத்தோடு சின்ன வாடகை வீட்டுக்குப் போனார்.

1892இல் ஜப்பான் வங்கியில் ஒரு வேலை கிடைத்தது. வங்கித் தலைமையகம் கட்டப்படுகிறது, அந்தக் கட்டட வேலையின் கணக்கு வழக்குகளைப் பார்க்க வேண்டும். மேலே இருப்பவர் கட்டடக் கலைஞர் தட்சுனோ கிங்கோ. கரட்சுவில் தன்னிடம் ஆங்கிலம் படித்த மாணவன்! கந்தோர்த் தலைவராக இருந்தவர் மாணவனுக்குக் கீழே வேலை செய்தார். நாம் எத்தனை பேர் செய்வோம்? ஆசிரியர் அறைகளில் பதவி உயர்வு பற்றிப் பேசும்போது இந்தக் காட்சி நமக்கு அடிக்கடி ஞாபகம் வரும்.

அதன் பின்னர் ஏற்றம்தான், வேகமாகச் சொல்லிவிடுவோம். 1904இல் ரஷ்யாவோடு யுத்தம், ஜப்பானிடம் காசில்லை. வங்கியின் உப ஆளுநராக லண்டன் போனார். அங்கே பார்ஸ் வங்கியில் இருந்து கைகொடுத்தவர் அதே ஷாண்ட், யோக்கோஹாமாவில் அவருக்குத் தேநீர் கொடுத்த பையன் இப்போது மில்லியன் கணக்கில் கடன் கேட்டு நிற்கிறான். நியூயோர்க் வங்கியாளர் ஜேக்கப் ஷிஃபும் சேர்ந்தார், ரஷ்யாவில் யூதர்கள் படுகொலை செய்யப்பட்ட கோபம் அவருக்கு. யுத்த காலத்தில் மட்டும் 82 மில்லியன் பவுண் திரட்டினார். திறமைதான். ஆனால் அந்தக் காசு என்ன செய்தது என்பதைக் கொரியாவில் போய்க் கேட்டால் வேறு வரலாறு சொல்வார்கள்.

1921இல் பிரதமர். 1924இல் பிரபுப் பட்டத்தைத் துறந்து சாதாரண வேட்பாளராகப் பாராளுமன்றத் தேர்தலில் நின்றார். 1927இல் வங்கிகள் விழுந்து சனம் வரிசையில் நின்றபோது மறுபடியும் நிதியமைச்சர். அவசரத்துக்குப் பின்பக்கம் வெறுமையாக 200 யென் நோட்டுக்களை அச்சிட்டு வங்கி மேசைகளில் குவித்தார்கள். காசு இருக்கிறது என்று கண்ணால் கண்ட சனம் வீட்டுக்குப் போனது.

1931 டிசம்பரில் திரும்பவும் வந்து, தங்கத் திட்டத்தை விட்டு, கடன் வாங்கிச் செலவு செய்து, உலகமே முடங்கிக் கிடந்தபோது ஜப்பானை எழுப்பினார். அந்தச் செலவில் இராணுவத்தின் பங்கும் பெரிது, மஞ்சூரியா ஆக்கிரமிப்பும் அதில் அடக்கம். அதையும் எழுதத்தான் வேண்டும். பொருளாதாரம் நிமிர்ந்ததும், இனிப் போதும் என்று இராணுவச் செலவைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அமைச்சரவையில் தளபதிகளோடு நேருக்கு நேர் வாதாடினார்.

1936 பெப்ரவரி 26, டோக்கியோவில் பனி. விடியமுன் 1,400க்கும் மேற்பட்ட சிப்பாய்களோடு இளம் அதிகாரிகள் கிளர்ந்தெழுந்தார்கள். ஒரு கூட்டம் அகசகாவில் இருந்த தகஹாஷி வீட்டுக்குள் புகுந்தது. மாடியில் படுக்கையில் இருந்த 81 வயதுக் கிழவரைச் சுட்டு, வாளால் வெட்டினார்கள். அவருக்குப் பிறகு இராணுவத்தின் வரவு செலவைத் தடுக்க ஒருவரும் இருக்கவில்லை. அடுத்த வருடம் சீனாவோடு முழு யுத்தம்.

அந்த வீட்டின் முக்கிய பகுதியை டோக்கியோவின் மேற்கே கொகனெய் என்ற இடத்தில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் பெயர்த்துக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். கொல்லப்பட்ட மாடி அறைக்கு ஏறிப் பார்க்கலாம். 1951இல் வந்த 50 யென் நோட்டில் அவருடைய முகம் இருந்தது. தாடி, வட்ட முகம்.

அந்தப் பிள்ளைக்கு நாளை இந்தக் கதையைச் சொல்லப் போகிறோம். அவனுடைய வாப்பா தறியில் என்ன செய்தார் என்று நாம் இன்னும் கேட்கவில்லை. கேட்டு, வரைபடம் ஒன்றும் எழுதி எடுத்து வரச் சொல்ல வேண்டும். விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தெரிந்தவர்கள், குறிப்பாகக் கொழும்பில் அந்த அலுவலகத்துக்குப் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டியில் பேசுங்கள். ஒப்பம் வைக்கமுன் அவரோடு உட்கார்ந்து ஒருமுறை வாசிக்க ஆள் வேண்டும்.